மெட்ராஸ் ஐக்கு ஒரு பஸ் ஸ்டாண்டு

போன வாரம் நான் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். உயிரணுவுக்குள் புரதங்கள் ஒன்றோடொன்று எப்படிக் கூட்டுச் சேர்கின்றன என்பதை வலைப்பின்னலாகப் போட்டு டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவள். "மேடம், நீங்கல்லாம் தொண்ணூறுகள்லயே நெட்வொர்க் பண்ணியிருக்கீங்களாமே! எந்த சாஃப்ட்வேர் யூஸ் பண்ணீங்க?" என்றாள். "ஸ்கெட்ச் பேனா" என்றேன். அவள் சிரித்தாள். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

அவள் போட்ட படத்தையும் அனுப்பியிருந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுச் சிக்கெடுக்காமல் விட்ட தலைமுடி மாதிரி இருந்தது. "நடுவுல குண்டா ஒண்ணு தெரியுதா மேடம், அதுதான் ஹப்" என்று எனக்கே பாடம் நடத்தினாள். எங்கள் காலத்தில் அதற்கு ஹப் என்று பெயர் இல்லை. பஸ் ஸ்டாண்டு என்போம். பெயர் வைத்தவர் எங்கள் ஆராவமுதன் சார். அந்தக் கதையை எழுதிக் கொடுங்கள் மேடம், துறை மலரில் போடுகிறோம் என்றாள். கேட்டுவிட்டாள், இனி படிக்க வேண்டியது அவள் தலையெழுத்து.

என் படிப்பைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. விலங்கியல் எம்.எஸ்ஸி. கரப்பான்பூச்சி அறுத்தேன், தவளை அறுத்தேன், அடையாறில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் டெக்னிகல் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன், கம்ப்யூட்டருக்கு ஃபோர்ட்ரான் எழுதக் கற்றேன். நடுவில் கல்யாணமும் இரண்டு பிள்ளைகளும். இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஒருநாள் பௌதிகத் துறை ஆராவமுதன் சார் எங்கள் அறைக் கதவைத் தட்டாமல் திறந்து, "இங்க உயிரியல் தெரிஞ்சவா யாரு?" என்று கேட்டார். மற்றவர்கள் எல்லோரும் மைக்ராஸ்கோப்பில் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் மைக்ராஸ்கோப் அன்றைக்குப் பார்த்து ரிப்பேர்.

சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒல்லி, உயரம், நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், சட்டைப் பையில் பன்னிரண்டு கலர் ஸ்கெட்ச் பேனா. நடக்கும்போதே கணக்குப் போடுவார். கணக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் அங்கேயே நின்றுவிடுவார், அது வராந்தாவானாலும் சரி, லஸ் கார்னர் சிக்னலானாலும் சரி. யார் மேலும் கோபப்பட மாட்டார். தப்பு கண்டுபிடித்தால் மட்டும், "பேஷ், பேஷ், தப்பா வந்துடுத்து!" என்று கை தட்டுவார். அந்தக் கைதட்டலுக்குப் பயந்தே நான் ப்ரோக்ராமை மூன்று தடவை சரிபார்ப்பேன்.

அவருடைய சித்தாந்தம் இதுதான். "கஸ்தூரி, உலகத்துல எதை எடுத்துண்டாலும் புள்ளியும் கோடும்தான். மனுஷா புள்ளி, பழக்கம் கோடு. ஆனா எல்லாப் புள்ளிக்கும் ஒரே மாதிரி கோடு இருக்காது. நெறையப் புள்ளிக்கு ஒண்ணோ ரெண்டோ. எங்கயோ ஒரே ஒரு புள்ளிக்கு மட்டும் ஊர்ப்பட்ட கோடு. தி. நகர் பஸ் ஸ்டாண்டு மாதிரி. அதை மூடிட்டா பாதி மெட்ராஸ் நின்னு போயிடும். கண்ணம்மாபேட்டை ஸ்டாப்பை மூடினா யாருக்குத் தெரியப் போறது?"

"கண்ணம்மாபேட்டையில இறங்கறவங்களுக்கும் தெரியாது சார், அங்க சுடுகாடுதானே" என்றேன். அவர் அதை ஒரு நல்ல உதாரணமாக எடுத்துக்கொண்டார்.

முதலில் உயிரணுவுக்குள் பஸ் ஸ்டாண்டு தேடினோம். எந்த ரசாயனம் எந்த ரசாயனமாக மாறுகிறது என்று சுவர் நிறைய ஒட்டுகிற ஒரு படம் எல்லா உயிரியல் துறையிலும் தொங்கும். அதிலுள்ள ஒவ்வொரு பொருளையும் புள்ளியாக, ஒவ்வொரு மாற்றத்தையும் கோடாக நான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கண் பூத்துப்போய் ஏற்றினேன். கடைசியில் பிரிண்டர் கரகரவென்று அலறிக்கொண்டு விடையைத் துப்பியது. உயிரின் பஸ் ஸ்டாண்டு தண்ணீர்.

"பாத்தியா கஸ்தூரி! தண்ணி இல்லேன்னா உயிர் இல்லை!" என்று சார் துள்ளினார்.

"சார், இது எங்க தெருவுல தண்ணி லாரிக்குக் குடத்தோட நிக்கறவங்களுக்கே தெரியும். அவங்க ஃபோர்ட்ரான் எழுதலை."

சார் வராந்தாவில் போய் நின்றார். திரும்பி வந்து கை தட்டினார். தண்ணீர் எல்லா மாற்றத்திலும் கலந்துகொள்கிறது. எங்கும் இருப்பது எதையும் விளக்காது. அதனால் அப்படிப்பட்டதைக் கணக்கிலிருந்து முதலில் தூக்கிவிட வேண்டும் என்று ஒரு விதி செய்தார். தூக்கியதும் படம் உண்மையிலேயே அழகாக வந்தது. நல்ல விதிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விதியைத் தூக்கிக்கொண்டு அவர் மயிலாப்பூருக்குப் போனதுதான் வினை.

அந்த வருஷம் ஆடிக் காற்றோடு மெட்ராஸ் ஐயும் வந்தது. ஊரில் பாதிப் பேர் சிவந்த கண்ணோடு அலைந்தார்கள். எங்கள் அட்டெண்டர் டில்லிபாபுவின் மகள் அமுதாவுக்கும் வந்துவிட்டது. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் அவர்கள் வீடு. அதே தெருவில் மெஹருன்னிசா டீச்சர் நடத்தும் டைப்ரைட்டிங் வகுப்பில் அமுதா படித்துக்கொண்டிருந்தாள். அங்கே இன்னும் இரண்டு பெண்களுக்குக் கண் சிவப்பு.

காபி கொண்டுவந்த டில்லிபாபு இதைச் சொன்னதுதான் தாமதம், சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஒரு தெரு! ஒரு வியாதி! கஸ்தூரி, இதைவிட என்ன வேணும்?"

"எம் பொண்ணு கண்ண தொறக்க முடியாம அழுதுகினு கீது, இவரு இன்னா மேடம் கல்யாணம் நிச்சயம் ஆனாமாரி குதிக்கிறாரு?" என்று டில்லிபாபு என்னிடம் கேட்டார்.

ஒரு தெருவில் வியாதி எந்தக் கோடு வழியாகப் போகிறது என்று படம் போட வேண்டும், பஸ் ஸ்டாண்டைக் கண்டுபிடிக்க வேண்டும், அதை மட்டும் மூடினால் வியாதி நின்றுபோகும் என்று நிரூபிக்க வேண்டும். இதுதான் திட்டம். வெளிநாட்டில் நடக்கப்போகும் ஒரு மாநாட்டுக்குக் கட்டுரையின் சுருக்கத்தை அன்றைக்கே டைப் செய்ய வைத்துவிட்டார். முடிவு வருகிற இடத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக வைக்கச் சொன்னார்.

செய்முறையை இன்றைய பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும். ஒரு பெரிய சார்ட் பேப்பரில் தெரு முழுக்க வீட்டுக்கு வீடு புள்ளி. மெட்ராஸ் ஐ வந்த வீட்டுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. அதைக் குளக்கரைக் கடையில் நான் கட்டுக்கட்டாக வாங்கி ஆபீஸில் பில் கொடுத்தேன், அக்கவுண்ட்ஸில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நோய் வந்தவர், வராதவர் எல்லோரும் தாங்கள் யார் யாரோடு பழகினோம் என்று அந்தச் சார்ட்டில் கோடு போட வேண்டும். அதையும் அவரவர் கையாலேயே போட வேண்டும். "நம்ம போட்டா நம்ம அபிப்பிராயம் கலந்துடும். அவா கோட்டை அவாளே போடணும்" என்பது சாரின் கட்டளை. ஆளாளுக்குப் பிடித்த கலரை எடுத்துக்கொள்ளலாம் என்று பேனாக் கட்டை நீட்டுவார். மாமிகள் பெரும்பாலும் ஊதா எடுத்தார்கள்.

இன்னொரு முக்கியமான ஏற்பாடு உண்டு. மெட்ராஸ் ஐ பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று மெட்ராஸில் பிறந்த எல்லோரையும் போல சாரும் நம்பினார். பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியும் நம்பினார். "சார், அது வைரஸ். கையால கண்ணைத் தொட்டாத்தான் வரும்" என்று நான் சொன்னதற்கு, "ஒளியைவிட வேகமா எது போறது சொல்லு" என்றார். ரங்கநாதன் தெருப் பிளாட்பாரத்தில் மூன்று கூலிங் கிளாஸ் வாங்கினார். சார், நான், டில்லிபாபு மூவரும் கறுப்புக் கண்ணாடியும் சுருட்டிய சார்ட்டுமாகத் தெருவுக்குள் நுழைந்தபோது, ஒரு வீட்டில் வருமான வரிக்காரர்கள் என்று நினைத்துப் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஓடினார்கள்.

அமுதாதான் முதலில் கோடு போட்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டே போட்டுவிட்டு, "அங்கிள், நீங்களும்தானே இப்ப எங்க வீட்டுக்கு வந்துகீறீங்க. உங்களுக்கும் ஒரு புள்ளி வெச்சுக் கோடு போடட்டுமா?" என்று கேட்டாள்.

"நாங்க தண்ணி மாதிரிம்மா. எல்லா ஆத்துக்கும் போவோம், கணக்குல வரமாட்டோம்" என்றார் சார். நானும் தலையாட்டிவிட்டு, என் பையிலிருந்த சோப்பை எடுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் கை கழுவிக்கொண்டேன். பேனாவைக் கழுவ வேண்டும் என்று விலங்கியல் படித்த எனக்கும் தோன்றவில்லை.

ஒற்றைப்படை எண் வீடுகளை முதலில் முடித்தோம். பிறகு எதிர்ச்சாரி. அங்கே ஒரு மாடியில் பஞ்சாபகேசன் என்று ஒரு ரிட்டையர்டு ரயில்வே அதிகாரி. தெருவில் அவரோடு சண்டை போடாதவர்கள் அந்த வாரம் குடிவந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். போதாததற்குக் காலில் மாவுக்கட்டு. கீழே இறங்கமாட்டார், யாரையும் மேலே ஏறவிடமாட்டார். பால், காய்கறி எல்லாம் பால்கனியிலிருந்து கயிற்றில் இறக்கும் கூடையில்தான். சார்ட்டும் பேனாவும் கூடையில் ஏறின. கால் மணி நேரம் கழித்து இறங்கின. அவர் ஒரு கோடுகூடப் போடவில்லை. தமக்குப் பிடிக்காத வீடுகளையெல்லாம் சிவப்புப் பேனாவால் அடித்து வைத்திருந்தார். ஏறக்குறைய முழுத் தெருவும் அடிபட்டிருந்தது.

"எனக்கு எவனோடயும் சம்பந்தம் கிடையாதுங்காணும்!" என்று மேலிருந்து கத்தினார்.

சாருக்கு ஆனந்தம். "கஸ்தூரி, கோடே இல்லாத புள்ளி! இது தெய்வம் குடுத்தது. ஊருக்கே வந்தாலும் இவருக்கு வராது பாரு. நம்ம சித்தாந்தத்துக்கு இவர்தான் சாட்சி."

அடுத்த சில நாட்களில் தெரு மளமளவென்று சிவந்தது. தினமும் போய்ப் பொட்டு ஒட்டினோம். யாருக்கு என்றைக்கு வந்தது, நாங்கள் என்றைக்குப் பார்த்தோம் என்று ஒவ்வொரு பொட்டுக்குப் பக்கத்திலும் நான் பென்சிலால் தேதி எழுதினேன். கோடுகள் எல்லாம் ஓடிப்போய் ஒரே இடத்தில் விழுந்தன. மெஹருன்னிசா டீச்சரின் டைப்ரைட்டிங் வகுப்பு. தெருவில் பாதி வீட்டிலிருந்து ஒரு பிள்ளையாவது அங்கே தட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ராத்திரிவரை பேட்ச் பேட்சாக, ஒரே மெஷினில் பத்துப் பேர் விரல்.

"பஸ் ஸ்டாண்டு!" என்றார் சார். சுருக்கத்தில் புள்ளி வைத்த இடத்தை நிரப்பி அன்றைக்கே மாநாட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அதோடு நின்றிருக்கலாம். சார் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு மாநகராட்சி சுகாதார அதிகாரியைப் பார்க்கப் போனார். அந்த அதிகாரிக்கு மேலிடத்திலிருந்து தினமும் டோஸ். மெட்ராஸ் ஐக்கு என்ன நடவடிக்கை எடுத்தாய் என்று கேட்கிறார்கள், கண்ணைக் கழுவுங்கள் என்று நோட்டீஸ் அடித்ததைத் தவிர அவர் ஒன்றும் செய்திருக்கவில்லை. அவர் எதிரில் ஒரு விஞ்ஞானி வந்து, இந்த ஒரே ஒரு கட்டடத்தை மூடினால் போதும் என்று படத்தோடு சொன்னால் விடுவாரா? பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த அதே வாரம் வெள்ளிக்கிழமை காலை வகுப்பைப் பூட்டிச் சீல் வைப்பது என்று முடிவாயிற்று.

மறுநாள் மெஹருன்னிசா டீச்சர் அடையாறுக்கே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைத் துப்பட்டா, கையில் ஸ்டாப் வாட்ச். நாற்காலியைக் காட்டினோம், உட்காரவில்லை.

"சார், உங்க படத்துல என் கிளாஸ் ஒரு புள்ளி. எனக்கு அது அறுபது பிள்ளைங்க. பத்து நாள்ல கவர்மென்ட் பரீட்சை. பரீட்சைக்கு மெஷின் எங்க இருந்து போகுதுன்னு தெரியுமா உங்களுக்கு? என் கிளாஸ்ல இருந்துதான். வண்டியில ஏத்தி நாங்கதான் சென்டருக்குக் கொண்டுபோகணும். நீங்க சீல் வெச்சா மெஷினும் உள்ள மாட்டிக்கும். பிள்ளைங்க எதுல அடிப்பாங்க? மேஜை மேலயா?"

"அடுத்த தடவை எழுதலாமே?" என்றார் சார். மெதுவாகத்தான் கேட்டார்.

"அடுத்த தடவை ஆறு மாசம் கழிச்சு சார். அதுக்குள்ள பாதிப் பொண்ணுங்களை வீட்டுல நிறுத்திடுவாங்க. டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணினாத்தான் வேலை, வேலைன்னு சொன்னாத்தான் கல்யாணப் பேச்சைத் தள்ளிப் போடுவாங்க. யா அல்லா, உங்களுக்கு இதெல்லாம் எந்தக் கோட்டுல வரும்?"

சார் கெட்டவர் இல்லை. ஆனால் படம் சொல்வதை அவரால் மீற முடியாது. வகுப்பை மூடாவிட்டால் வியாதி பரவும் என்றுதான் அவர் மனதார நம்பினார். "விஞ்ஞானத்துக்கு நான் என்னம்மா பண்ணட்டும்" என்றார். டீச்சர் ஸ்டாப் வாட்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

டில்லிபாபு அன்றிலிருந்து சாருக்குக் காபியில் சர்க்கரை போடுவதை நிறுத்தினார். சார் கவனிக்கவில்லை. பாலையும் நிறுத்தினார். "காபி இன்னிக்கு நன்னா திக்கா இருக்கே" என்றார் சார். டில்லிபாபு என்னிடம் வந்து வெடித்தார். "எம் பொண்ணு ஹையர் எய்தணும்னு ரெண்டு வருசமா கையி தேய தட்டிகினு கீது மேடம். நானே வாய வெச்சுக்கினு சும்மா இல்லாம இந்தாளாண்ட மெட்ராஸ் ஐன்னு சொல்லி வெச்சேனே, எனக்கு வேணும்!" நானும் சாரிடம் சொல்லிப் பார்த்தேன். படத்தில் ஒரு தப்பு காட்டு, இந்த நிமிஷமே நிறுத்திவிடுகிறேன் என்றார். என்னால் காட்ட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அதிகாரி பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. சீல் வைப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை தெருவைச் சுற்றி வரலாம் என்று சார் என்னை முன்னதாகவே கூட்டிக்கொண்டு போனார். பாதித் தெரு போயிருப்போம். மேலே பால்கனியிலிருந்து இடி விழுந்தது.

"ஓய் கூலிங் கிளாஸ்! இங்க பாரும்ங்காணும் என் கண்ணை!"

பஞ்சாபகேசன். இரண்டு கண்ணும் தக்காளி.

கோடே இல்லாத புள்ளிக்கு எப்படிச் சிவப்பு வரும்? சார் படத்தை அப்படியே நடுத்தெருவில் விரித்துப் போட்டுக்கொண்டு மேலே பார்த்து விசாரணையை ஆரம்பித்தார்.

"யாராவது மேல வந்தாளா?"

"எவன் வருவான்? வந்தா விடுவேனா?"

"ஆத்துல வேற யாராவது? வேலைக்காரி?"

"நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு."

"ரகசியமா யாராவது..." என்று சார் இழுத்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"என் வயசென்ன, காலென்ன! என்ன பேச்சு பேசறீர்?"

"அப்ப கூடை. கூடையில என்னென்ன ஏறித்து?"

"பால் பாக்கெட். வெண்டைக்காய், தக்காளி. அதெல்லாம் அலம்பித்தான்யா எடுத்துப்பேன், நான் ஆசாரமானவன்! அப்புறம் உம்ம பேப்பர். உம்ம பேனா. மூடி இறுகிண்டு வரவே இல்லை, பல்லால கடிச்சுத் திறந்தேன். மை வேற கையெல்லாம்."

சார், லஸ் சிக்னலில் நிற்பாரே, அந்த மாதிரி நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாக் கட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "கஸ்தூரி, தேதியெல்லாம் வாசி. நம்ம போன நாள், கண் சிவந்த நாள். வரிசையா வாசி."

நான் நடுத்தெருவில் மண்டிபோட்டு வாசித்தேன். வகுப்பில் முதலில் வந்த மூன்று பெண்களைத் தவிர மற்ற எல்லாப் பொட்டும் நாங்கள் போய் வந்த சில நாளில் விழுந்திருந்தது. நாங்கள் போன அதே வரிசை. மெட்ராஸ் ஐயும் எங்களைப் போலவே ஒற்றைப்படை வீடுகளை ஒழுங்காக முடித்துவிட்டு, அதன் பிறகே எதிர்ச்சாரிக்குத் தாண்டியிருந்தது. நாங்கள் கதவைத் தட்டியும் திறக்காத வீட்டை அதுவும் தட்டவில்லை. எந்த ஊர் வியாதி இப்படி முறை தவறாமல் வீடு வீடாகப் போகும்?

சாருக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். கூலிங் கிளாஸைக் கழற்றினால்தானே கண்ணைத் தேய்க்க முடியும்.

"பேஷ்" என்றார் சார். கை தட்ட வரவில்லை அவருக்கு. "தண்ணியைக் கணக்குல இருந்து எடுக்கச் சொன்னவன் நான்தான். ஆனா கஸ்தூரி, இங்க வெள்ளமே அந்தத் தண்ணிதான்." சொல்லிவிட்டுச் சார்ட்டை வாரிச் சுருட்டினார். வேட்டி தடுக்க ஓட ஆரம்பித்தார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதிகாரியின் ஆள் பசை வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தான். கதவருகே டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு. டில்லிபாபு ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு மகள் பக்கத்தில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும், "வந்துட்டாருப்பா, தெறப்பு விழா பண்றவரு" என்றார்.

சார் மூச்சு வாங்கிக்கொண்டே சார்ட்டைச் சுவரில் பிடித்து விரித்தார். ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். கறுப்புப் பேனாவால் படத்தின் நடுவில் பெரிதாக ஒரு புள்ளி வைத்தார். அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் கோடு போட்டார். ஒன்று விடாமல் போட்டார். மாமிகளின் ஊதாவும் டீச்சர் வகுப்பின் பச்சையும் அந்தக் கறுப்பில் மூழ்கிப்போயின. வெளிநாட்டுக்குப் போக வேண்டிய படம்.

"இது யாரு சார்?" என்றார் அதிகாரி.

"நான். இந்தத் தெருவுக்கு வியாதியைக் கொண்டுவந்து குடுத்தது இந்தப் பேனா. பேனாவைக் குடுத்தது நான். பஸ் ஸ்டாண்டு நான்தான். இவா இல்லை."

அதிகாரி படத்தைப் பார்த்தார், நோட்டீஸைப் பார்த்தார், பசை வாளியைப் பார்த்தார். "சார், இதை ஒட்டிட்டேன்னு மேல சொல்லியாச்சே. இப்ப நான் எதை மூடறது?"

"என்னை மூடுங்கோ" என்றார் சார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார். "பரீட்சை முடியற வரைக்கும் நான் ஆத்தை விட்டு வெளியில வரமாட்டேன். என் கேட்டுல ஒட்டிக்கோங்கோ."

அதிகாரி யோசித்தார். விஞ்ஞானியே தப்பென்று சொன்ன படத்தை வைத்துச் சீல் வைத்தால் நாளைக்கு யார் பதில் சொல்வது? சிவந்த கண்ணோடு யாரும் வகுப்புக்கு வரக்கூடாது, ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் மெஷின் விசைகளை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும் என்று டீச்சரிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போட சார் தம் பேனாவை நீட்டினார். அங்கிருந்த அத்தனை பேரும் "ஐயோ!" என்று ஒரே குரலில் அலறினார்கள். அதிகாரி தம் ஆளை அனுப்பிக் கடையிலிருந்து புதுப் பேனா வாங்கிவரச் சொன்னார்.

டீச்சர் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கி, சட்டென்று கீழே போட்டுக்கொண்டார். "சார், இத்தனை பேர் முன்னால இப்படிச் சொல்ல யாருக்கும் மனசு வராது. நீங்க நல்லா இருக்கணும். ஆனா தயவுசெஞ்சு என் படி மட்டும் ஏறாதீங்க."

"ஏறமாட்டேம்மா" என்று சார் இரண்டு படி பின்னால் போனார்.

மயிலாப்பூரில் சார் வீட்டுக் கேட்டில் உண்மையாகவே நோட்டீஸ் ஒட்டினார்கள். அவருடைய மனைவி அதன் பக்கத்திலேயே கோலம் போட்டார். பரீட்சை நடந்தது. மெஷின்கள் மாட்டு வண்டியிலும் ட்ரைசைக்கிளிலும் ஏறிப் போனதை நான் தெருமுனையில் நின்று பார்த்தேன். மாநாட்டுக்கு அனுப்பிய சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் டைப் செய்தேன். சார் கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் ரிசல்ட் வந்தது. அன்று சாயங்காலமே டீச்சரும் அமுதாவும் நனைந்துகொண்டு அடையாறுக்கு வந்தார்கள். டில்லிபாபு முன்னால் ஓடிவந்து, "சார், ஹையர்! ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்று கத்தினார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். டீச்சர் ஒரு பெரிய டப்பா லட்டை மேஜையில் வைத்தார். எழுதிய எல்லோரும் பாஸ் என்றார். சார் ஆவலாகக் கையை நீட்டினார். டீச்சர் டப்பாவைப் பின்னால் இழுத்துக்கொண்டு அவர் கையையே பார்த்தார்.

சார் எழுந்து குழாயடிக்குப் போனார். துறையே வராந்தாவில் நின்று வேடிக்கை பார்க்க, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். சொட்டச் சொட்ட வந்து லட்டை வாங்கிக்கொண்டார். வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சந்தோஷம்மா. ரொம்ப சந்தோஷம். ஆனா பொய் சொல்லப்படாது. அந்தப் படம் எவ்வளவு அழகா வந்துது தெரியுமா? நெனைச்சா இன்னும் வயிறு எரியறது" என்றார்.

டில்லிபாபு இன்னொரு லட்டை எடுத்து அவர் இடது கையிலும் வைத்தார். "துன்னு சார். அடங்கிடும்."